நாலாயிரத்து நானூற்று ஆறாம் பக்கம்

ஆடி மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். நிலவில் வாடகைக்கு அறை கிடைக்கிற 2071-ஆம் ஆண்டிலும் கோயம்புத்தூரில் இந்த ஒரு வழக்கத்தை அசைக்க எந்த விஞ்ஞானத்தாலும் முடியவில்லை. ஆகவே ‘வாணலி’ இணையதளத்தின் பதினெட்டாயிரம் பக்கங்களுக்கும் முகவரி மாற்ற, அதன் முதலாளி சஷ்வத் ஆவணி முதல் தேதியைக் குறித்துவிட்டார். மாற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கான கூட்டம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

“காலைல ஏழரைல இருந்து ஒம்பதுக்குள்ள நல்ல நேரமுங்க. ஜோசியர் எழுதியே குடுத்துட்டார். எல்லாரும் குடும்பத்தோட வந்துருங்க, பால் காய்ச்சிரலாம்” என்றார் சஷ்வத்.

“எங்கீங்க பால் காய்ச்சறது? மாறப் போறது கம்ப்யூட்டர்ல இருக்கற முகவரிங்க” என்றாள் நறுமுகை.

“சர்வர் ரூம்லதான்.”

பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வருகிறவரிடம் என்ன பேசுவது? ஆனால் நறுமுகையின் கையெழுத்து இல்லாமல் ஒரு பக்கம்கூட நகராது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நிலைத்துவிட்ட எந்தத் தளத்துக்கும் ஒரு முகவரிக் காப்பாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். பதினைந்து வருடமாக அந்த நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

வாணலி ஒரு சமையல் குறிப்புத் தளம். நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன்பு சஷ்வத்தின் அப்பா தொடங்கியது. ஊரில் யார் வேண்டுமானாலும் குறிப்பு எழுதி அனுப்பலாம். வந்த வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அந்த எண்தான் முகவரி. எழுதியவர் பெயர் பக்கத்தில் இருக்காது. பெரியவருக்கு எட்டு என்றால் ஆகாது, சனி. ஆகவே கூட்டினால் எட்டு வருகிற எண்களை எல்லாம் விட்டுவிட்டே போட்டுக்கொண்டு போனார். பதினெட்டாயிரம் பக்கம் என்று வாசல் பலகை சொன்னாலும் உள்ளே இருந்தது பதினாறாயிரம்தான். இந்த உண்மை அலுவலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருவரும் வெளியே சொன்னதில்லை.

“நம்பர் முகவரி எல்லாம் செத்துப்போன விஷயம் மேடம்” என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் ருத்ரேஷ். நாற்பது வயதுக்காரர். எதைச் சொன்னாலும் இறந்துபோனவர்களின் பட்டியலைப் படிப்பது போலச் சொல்வார். “இப்ப வர்ற எட்டாம் தலைமுறை நளன் என்ன பண்ணுது தெரியுமா? முகவரியிலயே பலகாரத்தோட பேரு இருந்தாத்தான் மதிக்குது. வெறும் நம்பரா இருந்தா கடைசி வரிசைல தள்ளிடுது. ரெண்டு வருஷம் இப்படியே விட்டா உங்க தளத்துக்கு ஈ கூட வராது. முப்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

நளன் என்பது சமையல் எந்திரம். ஒரு காலத்தில் உலகத்துக்கே கிரைண்டர் செய்து கொடுத்த ஊர் இது. இப்போது நளன் செய்து கொடுக்கிறது. பக்கத்தின் முகவரியை ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அரிந்து, அரைத்து, தாளித்துக் கிண்ணத்தில் போட்டுவிடும். அதன் பிறகு அந்த முகவரியை நாம் மறந்தாலும் அது மறக்காது. கொங்கு நாட்டில் மட்டும் பதினெட்டு லட்சம் வீடுகளில் காலைச் சட்னியும் மத்தியானக் குழம்பும் வாணலியின் எண்களை நம்பித்தான் கொதிக்கின்றன.

“நீங்க சொல்றது சரிங்க. ஆனா அறிவிப்பை யோசிச்சீங்களா?” என்றாள் நறுமுகை.

“என்ன அறிவிப்பு?”

சஷ்வத் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது ஒரு கெரகமுங்க. பொள்ளாச்சில ஒரு கல்யாணத்துல நடந்த கூத்து. ரசத்துக்கு வெச்சிருந்த முகவரிய எவனோ ஒரு நூடுல்ஸ் கம்பெனிக்காரன் கமுக்கமா அவன் பக்கத்துக்குத் திருப்பி உட்டுட்டான். அறுநூறு எலைல சோத்து மேல நூடுல்ஸ் வந்து விழுந்துச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்க பாதிப் பந்தில எந்திரிச்சுப் போயிட்டாங்க. அப்புறந்தான் சட்டம் போட்டாங்க.”

“முகவரி மாறினா நளன் சும்மா புது எடத்துக்குப் போகக் கூடாதுங்க” என்று நறுமுகை விளக்கினாள். “சாப்பிடற நேரத்துல, அந்த வீட்டுல சாப்பிடற எல்லார் காதுலயும் விழற மாதிரி நாலு விஷயம் சொல்லோணும். பழைய முகவரி என்ன, எத்தனை தடவ செஞ்சிருக்குது, சேமிச்சு வெச்சது யாரு என்ன பேருல, பக்கத்த மொதல்ல ஏத்தினது யாரு. அத்தனை பேரும் ‘சரி’ன்னு சொன்னாத்தான் அடுப்பு எரியும்.”

“சொல்லட்டுமே. அதுல என்ன இருக்கு?” என்றார் ருத்ரேஷ்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது என்று நறுமுகை நினைத்துக்கொண்டாள்.

“வீட்டுக்கு வீடு ஒரு பொய் கொதிச்சிட்டு இருக்குதுங்க. அம்மா கைப்பக்குவம், பரம்பரை மசாலா, மாமியார் சொல்லிக் குடுத்த கொழம்பு… எல்லாம் நம்ம பக்கந்தான். அத மைக்கு வெச்சுச் சொல்லணுமா?”

அவள் சொன்னது நியாயம்தான். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் அவ்வளவு படபடப்போடு அவள் அதைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இருந்தது, அது அவள் வீட்டுச் சமையலறையில் இருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கல்யாணமான புதிதில், அவள் கணவன் துருவனுக்கு ஒரே ஓர் ஆசைதான். அவன் அம்மா லக்‌ஷிதா செய்கிற அரிசிம்பருப்பு சாதம் அதே ருசியில் வேண்டும். மாமியாரிடம் கேட்டால், “கை அளவுதான் கண்ணு, சொல்லத் தெரியாது” என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். நறுமுகை வாணலியில் இருந்த அறுபத்து மூன்று அரிசிம்பருப்புக் குறிப்புகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். ஐம்பத்தெட்டாவதாகச் செய்தது அப்படியே பொருந்திவிட்டது. பக்கம் 4406. துருவன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண் கலங்கிப்போனான். “அம்மாகிட்டக் கத்துக்கிட்டு நளனுக்குச் சொல்லிக் குடுத்தியா?” என்றான். அவள் தலையை ஆட்டினாள். பக்கத்தில் இருந்த மாமியாரும், “ஆமா, நாந்தான் சொல்லிக் குடுத்தேன்” என்று கூசாமல் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான் துருவன். மோட்டார் பம்பு வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்கிறான். “எங்க ஊட்டுல மருமகளுக்கு மாமியா கை அப்படியே வந்துருச்சுங்க” என்பான். அறிவிப்பு வந்தால் இந்தப் பன்னிரண்டு வருடமும் என்ன ஆகும்? முகவரியை மாற்றக் கூடாது என்று தான் சொல்வது பதினெட்டு லட்சம் வீட்டுக்காகவா, தன் ஒரு வீட்டுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

கடைசியில் சஷ்வத் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். நாற்பது பக்கங்களுக்கு மட்டும் இப்போதே முகவரி மாற்றிப் பார்ப்பது, என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை நறுமுகை முடிவு சொல்வது.

“ஆடி மாசமாச்சேங்க?” என்றாள் அவள், அந்த ஆயுதத்தையும் விடுவானேன் என்று.

“இது குடி போறதில்லீங்க. சும்மா நாலு சாமான எறக்கி வெச்சுப் பாக்கறது. அதுக்குத் தோஷமில்லையாம், கேட்டுட்டேன்.”

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நாற்பது பக்கங்கள் மாறின. ஏழு மணி பத்து நிமிடத்துக்கு முதல் அழைப்பு வந்தது.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சமையல் காண்டிராக்டர். “நாலு தலைமுறை ரகசிய மசாலான்னு போர்டு வெச்சிருக்கறனுங்க! கல்யாண மண்டபத்துல முந்நூறு பேருக்கு முன்னால அந்த எந்திரம் ‘ஏற்றியவர் திருப்பூர் தபால்காரர்’னு கத்துது. எங்க தாத்தனத் தபால்காரர் ஆக்கிப்புட்டீங்களே!” என்று குதித்தார். அடுத்து பெருந்துறையிலிருந்து ஒரு மாமியார். சட்னியை மருமகள் என்ன பெயரில் சேமித்திருந்தாள் என்பதை நளன் வாசித்துவிட்டதாம். என்ன பெயர் என்று கேட்டதற்கு, “அத என் வாயால வேற சொல்லோணுமா?” என்று போனை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தானே சமைப்பதாகப் பெயர் வாங்கி, அதற்காக மற்ற ஆறு நாளும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் இருந்த ஒரு பேராசிரியர், வாணலியின் மேல் வழக்குப் போடப்போவதாக மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். பிழையே இல்லாத தமிழ்.

எல்லாமே இப்படி இல்லை. அவிநாசியில் ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஏழு வருடமாகப் பேசுவதில்லை. இரண்டு பேரும் ‘சரி’ சொன்னால்தான் காபி என்று நளன் அடம்பிடித்தது. இரண்டு நாள் காபி இல்லாமல் இருந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை அண்ணன், “சொல்லித் தொலையேண்டா” என்றார். தம்பி, “மொதல்ல நீ சொல்லு” என்றார். பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அண்ணன் மனைவி அழைத்து நன்றி சொன்னபோது நறுமுகையின் உறுதியே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு முகவரியை மாற்றினால் இப்படியும் நடக்குமா என்ன?

வெள்ளிக்கிழமை வந்த அழைப்புதான் அவளை உலுக்கியது. உடுமலைப்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள். அழுதுகொண்டே பேசினார்.

“ஏனுங்க அம்மிணி, எங்க ஊட்டுக்காரருக்குச் சர்க்கரைங்க. நானூறுக்கு மேல நின்னுச்சு. பாயசம் இல்லாம ஒரு நாள் இருக்க மாட்டாருங்க. உங்க தளத்துல ஒரு பக்கம் இருந்துச்சு, சர்க்கரை போடாம அதே ருசில செய்யறது. ஒம்பது வருசமா அதத்தான் குடுத்துட்டு வந்தேன். அவருக்குத் தெரியாது. உசுரப் புடிச்சு வெச்சிருந்தேனுங்க. நேத்து உங்க எந்திரம் எல்லாத்தையும் போட்டு உடைச்சிருச்சு. ‘ஒம்பது வருசமா என்னய ஏமாத்திட்டியா, நெசப் பாயசம் கொண்டா’ன்னு உக்காந்திருக்கறாருங்க.”

நறுமுகை மன்னிப்புக் கேட்டாள். சட்டம் என்றாள். தற்காலிகம் என்றாள்.

“சட்டம் இருக்கட்டும் சாமி. உங்க ஊட்டுல இப்புடிச் சொன்னா உங்களுக்கு எப்புடி இருக்கும்?”

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே நின்றது. அந்த அம்மாள் கேட்டதில் என்ன தப்பு? அந்த நாற்பது பக்கங்களை நம்பிய மூன்று லட்சம் வீட்டில் அறிவிப்பு வைத்துவிட்டு, தன் வீட்டுப் பக்கத்தைப் பட்டியலில் சேராமல் பார்த்துக்கொண்டவள் அவள். அந்த நாற்பதை ருத்ரேஷ் தேர்ந்தெடுத்தபோது, 4406 இருக்கிறதா என்றுதான் அவள் முதலில் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் ஒரு டீ குடித்தாள். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. தன் வீட்டில் கேட்டுப் பார்க்காத ஒன்றுக்கு ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை? சனிக்கிழமை மாலை கிளம்புவதற்கு முன்னால் நாற்பத்தோராவதாக 4406-ஐச் சேர்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். துருவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். லக்‌ஷிதா நெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார். மாமனார் ஹரிஷ் வழக்கம் போல ஒன்றும் பேசாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சமையலறைப் பக்கம் அவர் போனால், “அங்க உங்களுக்கு என்ன வேலை?” என்று லக்‌ஷிதா திருப்பி அனுப்பிவிடுவார். அப்படியே திரும்பி வந்துவிடுகிற மனிதர்.

“நளா, அரிசிம்பருப்பு” என்றான் துருவன்.

நளன் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. நறுமுகை மேசைக்கடியில் தன் புடவை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சட்டப்படியான அறிவிப்பு. இந்த வீட்டில் அரிசிம்பருப்பு சாதம் என்று வழங்கப்படும் உணவு, வாணலி தளத்தின் நாலாயிரத்து நானூற்று ஆறாம் பக்கத்திலிருந்து செய்யப்படுகிறது. அதன் முகவரி மாறியிருக்கிறது. இதுவரை செய்தது அறுநூற்றுப் பதினொரு தடவை. சேமித்தவர், நறுமுகை.”

துருவனின் கையில் அப்பளம் பாதியில் நின்றது.

“அம்மாகிட்டக் கத்துக்கிட்டேன்னு சொன்னே?”

“துருவ்… நான் சொல்லோணும்னுதான்…”

“பன்னெண்டு வருசமா?”

“அறிவிப்பு முடியவில்லை” என்றது நளன். “அதற்கு முன்பு இதே பக்கம் இந்தக் குடும்பத்தின் கணக்கில் ஆயிரத்து இருநூற்று நாற்பது தடவை செய்யப்பட்டிருக்கிறது. சேமித்தவர், லக்‌ஷிதா.”

லக்‌ஷிதா நெய்க் கிண்ணத்தை வெகு கவனமாக மேசையின் நடுவுக்கே நகர்த்தி வைத்தார். நறுமுகை மாமியாரைப் பார்த்தாள். மாமியார் நறுமுகையைப் பார்க்கவில்லை.

“அம்மா?” என்றான் துருவன். அவன் குரல் எட்டு வயதுப் பையனின் குரலாக இருந்தது. “கை அளவுன்னியேம்மா!”

“பக்கத்தை ஏற்றியவர், 2030-ஆம் ஆண்டு, ஹரிஷ். அவருடைய தற்போதைய இருப்பிடம், இந்த மேசை” என்று நளன் முடித்தது. “அனைவரும் ‘சரி’ என்று சொல்லவும்.”

மூன்று பேரும் ஹரிஷைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தட்டின் ஓரத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீங்களா?”

“கல்யாணத்துக்கு முன்னால தனியா ரூம் எடுத்து இருந்தேன். ஓட்டல் சோறு ஒத்துக்கல. நானே செஞ்சு பாத்து ஒரு பக்குவத்துக்குக் கொண்டு வந்தேன். எழுதிப் போட்டேன்” என்றார் ஹரிஷ். அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நறுமுகை கேட்டதே இல்லை.

லக்‌ஷிதாவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “எனக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியாது. கல்யாணமாயி வந்த நாலாம் நாளு, உங்க அப்பாதான் ‘இந்த நம்பரப் பாத்துச் செய்யி’ன்னாரு. செஞ்சேன். எங்க மாமியா ஒரு வாய் தின்னுட்டு ஊரக் கூட்டிட்டாங்க, மருமவ கை மணம், மருமவ கை மணம்னு. ஒரு தரம் வாங்கின பேரத் திருப்பிக் குடுக்க முடியுமாடா? நீயே சொல்லு.”

“நீங்க ஏம்ப்பா ஒண்ணும் சொல்லல?”

“எனக்குச் சோறு கெடச்சுது. அவளுக்குப் பேரு கெடச்சுது. அதுல என்ன கொறைஞ்சு போச்சு?” என்றார் ஹரிஷ்.

துருவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான் என்று எண்ணிப் பார்க்கிறான் போலிருந்தது. அரைமணி நேரம் வீடு ரணகளமாக இருந்தது. அவன் அம்மாவிடம் கோபித்துக்கொண்டான், நறுமுகையிடம் கோபித்துக்கொண்டான், ஒன்றும் செய்யாத நளனைக்கூடத் திட்டினான். ஆனால் பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று சும்மாவா சொன்னார்கள்? மணி இரண்டைத் தாண்டியதும் அவன் வயிறு எல்லார் காதிலும் விழும்படி ஒரு சத்தம் போட்டது.

“சரி. போய்த் தொலையட்டும், சரி” என்றான்.

“சரி” என்றார் லக்‌ஷிதா. “சரி” என்றாள் நறுமுகை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பன்னிரண்டு வருடமாக நெஞ்சில் சுமந்த பாறாங்கல் ஒரு தட்டுச் சோற்றுக்குக் காணாமல் போய்விட்டது. இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது.

“நாலாவது நபர்?” என்றது நளன்.

“முடியாது” என்றார் ஹரிஷ்.

“மாமா?”

“முடியாதுன்னா முடியாது. சொல்ல மாட்டேன்.”

“மறுப்பு பதிவு செய்யப்பட்டது. முகவரிக் காப்பாளரின் பார்வைக்கு அனுப்பப்பட்டது” என்றது நளன். நறுமுகையின் காதில் இருந்த அழைப்பி ‘டிங்’ என்றது.

ஹரிஷ் அவளைப் பார்த்தார். “உனக்குத்தான் வந்திருக்கும். படிச்சுக்க” என்றவர் கொஞ்சம் தயங்கி, பிறகு சொன்னார். “பதினாலு ஊருக்கு மாத்தினாங்க கண்ணு என்னை. போற எடத்துல எல்லாம் புது ஊடு, புது தெருவு, புது கதவு நம்பர். சாமான அவுத்துப் போட்டுட்டு நடு ஊட்டுல உக்காந்திருப்பேன், எந்தப் பொட்டில என்ன இருக்குதுன்னு தெரியாது. அன்னிக்கு ராத்திரி அந்த நம்பரச் சொன்னா அது அங்கயே இருக்கும். நான் போட்டது, போட்ட எடத்துல. மத்ததெல்லாம் மாறிப்போச்சு. அது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே.”

லக்‌ஷிதா எழுந்து போய் வெங்காயக் கூடையை எடுத்து வந்தார். “எந்திரத்த நம்பினா இன்னிக்குச் சோறில்ல. எந்திரிங்க, நான் அரிஞ்சு தர்றேன்” என்றார். ஹரிஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் திருப்பி அனுப்பாமல், சமையலறைக்குள் போனார். மூன்றரை மணிக்குச் சோறு வந்தது. துருவன் பேசாமல் மூன்று தடவை போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை ருத்ரேஷ் முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

“மேடம், முடிவு வந்துடுச்சு! நாற்பத்தொரு பக்கம், ஒண்ணு எப்படியோ கூடியிருக்கு, மூணு லட்சத்துப் பன்னெண்டாயிரம் வீடு. ஆரம்பத்துல கத்தினாங்க, ஒத்துக்கறேன். ஆனா கடைசில எல்லாரும் சரி சொல்லிட்டாங்க. அந்த உடுமலைப்பேட்டைக்காரர்கூட. ‘ஒம்பது வருசமா நல்லாத்தான இருந்துச்சு’ன்னு சர்க்கரை இல்லாததையே வாங்கிக்கிட்டாராம். மொத்த மறுப்பு எத்தனை தெரியுமா? ஒண்ணு! ஒரே ஒண்ணு!”

“ஒண்ணுன்னா அடிச்சு உடலாமுங்களா?” என்று கேட்டார் சஷ்வத்.

“பத்துக்குக் கீழே இருந்தா காப்பாளரே தள்ளுபடி பண்ணலாம் சார். ஒரு கையெழுத்துதான்.” அவர் படிவத்தை நறுமுகையின் முன்னால் வைத்தார். “யாரோ ஒரு பெரியவர். விவரம் உள்ளே இருக்கு. படிக்கக்கூட வேண்டாம்.”

நறுமுகை பேனாவைக் கையில் எடுக்கவில்லை.

“படிச்சுட்டனுங்க. அது எங்க மாமனார்.”

இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டு வருடப் பொய்யை, பட்டியலில் தன் பக்கம் இல்லை என்று டீ குடித்ததை, சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சேர்த்ததை. மாற்றவே கூடாது என்று போன வாரம் தான் சொன்னதில் பாதி, தன் வீட்டுப் பயம்தான் என்றும் சொன்னாள்.

“அந்தப் பயம் இப்ப இல்லீங்க. அதனால இப்ப நியாயமாப் பேச முடியும். ருத்ரேஷ் சொல்றதும் சரிதான், நம்பரையே புடிச்சுத் தொங்கிட்டு இருந்தா முப்பது பேருக்கு வேலை இருக்காது. மாத்திக்கலாமுங்க. பேரு வெச்ச முகவரியே போட்டுக்கலாம். ஆனா நாலாயிரத்து நானூத்தி ஆறு மட்டும் இருந்த எடத்துலயே இருக்கட்டும்.”

“ஒருத்தருக்காகவா?” ருத்ரேஷுக்குத் தாங்கவில்லை. “புது வரிசையே கெட்டுப்போகுமே மேடம். எல்லாம் பேரு, நடுவுல ஒரு நம்பர். காரணம்னு என்ன எழுதறது?”

நறுமுகை படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அங்க ஆள் குடியிருக்குதுங்க. அதையே எழுதிக்குங்க” என்றாள்.

ருத்ரேஷ் முதலாளியைப் பார்த்தார், ஆதரவுக்காக. சஷ்வத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர் போலச் சொன்னார்.

“அப்ப இரநூத்திப் பன்னெண்டயும் உட்டுருங்க.”

“அதுல யாருங்க இருக்கறாங்க?” என்றாள் நறுமுகை.

“எழுதுங்கன்னா எழுதுங்க” என்றார் சஷ்வத். அவர் காது சிவந்திருந்தது.

அவள் எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது ருத்ரேஷ் போகாமல் நின்றுகொண்டிருந்தார். இறந்துபோனவர்களின் பட்டியலைப் படிக்கிற அந்தக் குரல் இப்போது அவரிடம் இல்லை.

“மேடம்… மூவாயிரத்து ஐம்பத்தேழு. அது ஒரு தக்காளித் தொக்கு. சும்மா, சேர்த்துக்க முடியுமான்னு…”

மூன்று லட்சம் வீட்டில் ஒரே ஒரு மறுப்பு. இந்த ஒரு மாடியில், பசி இல்லாத நேரத்தில், அதற்குள் இரண்டு. விஷயம் எப்படித்தான் பரவியதோ, மத்தியானத்துக்குள் அலுவலகத்தில் இருந்த முப்பது பேரும் ஏதோ வேலையாக வருவது போல வந்து, ஆளுக்கு ஓர் எண்ணைக் காதோரம் சொல்லிவிட்டுப் போனார்கள். நறுமுகை ஒருவரிடமும் காரணம் கேட்கவில்லை.